ஓடி ஒளிந்த மேய்ப்பர்கள்

தமிழ்க் கத்தோலிக்கரிடையே, இன்று பங்கு என்று வழங்கும் இடத்தில், சில தலைமுறைகளுக்கு முன்பு விசாரணை என்னும் சொல்லே பெருவழக்காக இருந்தது. ஓர் ஊரின் தலைமைக் கோயிலை விசாரணைக் கோயில் என்றும், அங்கே தங்கிச் சுற்றுக் கிராமங்களையும் கவனித்துவந்த குருவை விசாரணைச் சாமியார் என்றும், அவர் செய்த தொழிலை ஆத்தும விசாரணை என்றும் நம் பாட்டனார் காலத்தவர் இயல்பாகவே வழங்கினர். இலத்தீன் மொழியில் கூரா என்னும் ஒரு சொல் கவலையையும் கவனிப்பையும் சிகிச்சையையும் ஒருங்கே குறிக்கும். அதனைத் தமிழில் இறக்கிவைக்க விசாரணை என்னும் சொல்லைத் தேர்ந்தவர் எவராயினும், அவர் மொழியின் நுட்பம் அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் காவல் நிலையமும் நீதிமன்றமும் மனத்தில் எழுகின்றன என்பது மெய்யே. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து சுகம் விசாரிப்பதும், இழவு வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரிப்பதும் விசாரணைதான். நான் யார் என்று தன்னுள்ளே தேடுவதையும் ஆத்ம விசாரம் என்றே வேதாந்திகள் சொன்னார்கள். பிறர் குற்றத்தை ஆராய்தல், பிறர் நலத்தைக் கேட்டல், தன்னைத் தானே துருவுதல் என்னும் மூன்று பொருளும் ஒரு சொல்லுக்குள் கூடிவாழ்கின்றன. முற்காலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் மேய்ப்புப் பணியைக் குறித்து எழுதியவற்றைப் படிக்குந்தோறும், இந்தப் பழைய தமிழ்ச் சொல்லே அவற்றிற்குப் பொருத்தமான திறவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நூல்களைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி உண்டு. முதல் ஆறு நூற்றாண்டுகளில் இப்பொருள் பற்றி எழுந்தவற்றுள் தலையாயவை மூன்று: கப்பதோக்கியா நாட்டு நாசியான்சு ஊரினரான கிரகோரியார் 362இல் இயற்றிய இரண்டாம் சொற்பொழிவு, அந்தியோகியா நகரத்தவரான பொன்வாய் யோவான் ஆறு புத்தகங்களாக எழுதிய ‘குருத்துவத்தைப் பற்றி’ என்னும் உரையாடல், உரோமாபுரியின் பெரிய கிரகோரியார் 590ஐ ஒட்டி எழுதிய ‘மேய்ப்பர் விதி’. இம்மூவரும் மேய்ப்பர் பதவியை விட்டு ஓடியவர்கள், அல்லது ஓட முயன்று பிடிபட்டவர்கள். மூன்று நூல்களும், ஏன் ஓடினாய் என்ற கேள்விக்கு விடையாகவே பிறந்தவை. போர்க்களத்தை விட்டு ஓடியவன் போர்நூல் எழுதினால் உலகம் நகைக்கும். இங்கோ ஓடியவர்களின் நூல்களையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் திருச்சபை தன் மேய்ப்பர்களின் கையில் கொடுத்துவந்திருக்கிறது. அது எதனால் என்பதையும், நம் காலத்துச் சபை அந்நூல்களை எங்கே கைநழுவவிட்டது என்பதையும் ஆராய்வதே இங்கு நோக்கம்.

நாசியான்சின் கிரகோரியார் ஏதென்ஸ் நகரில் கல்வி முற்றி, தவமும் நூலும் துணையாக ஒதுங்கி வாழ விரும்பியவர். அவருடைய தந்தையாரோ அதே ஊரின் அத்தியட்சர், முதுமை அடைந்தவர், துணைக்கு ஆள் தேடியவர். சபையாரின் ஆரவாரத்துக்கிடையே 361ஆம் ஆண்டின் முடிவை ஒட்டி, மகனுடைய சம்மதத்தைப் பெரிதாகக் கேளாமலே தந்தை அவருக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார். மகன் அதனைக் கொடுங்கோன்மை என்றே பின்னாளில் வருணித்தார். பட்டம் பெற்ற சில நாட்களுக்குள் அவர் ஊரைவிட்டு மறைந்து, பொந்து நாட்டில் தவம் செய்துகொண்டிருந்த நண்பர் பசிலியாரிடம் சென்றுவிட்டார். 362ஆம் ஆண்டின் உயிர்ப்புத் திருநாளுக்குத் திரும்பி வந்தவரை, ஊரார் முன்போல் ஆர்வத்தோடு வரவேற்கவில்லை. சினம் கொண்ட அந்தச் சபைக்கு அவர் அளித்த விளக்கமே அச்சொற்பொழிவு. ஒரே மூச்சில் பேசக்கூடியதாக இல்லாத அதன் நீளத்தைப் பார்த்தால், பேசிய பின் வீட்டில் அமர்ந்து விரித்தெழுதினார் என்று கொள்ளவே தோன்றுகிறது.

அவர் சொன்ன விளக்கத்தின் கரு இது: உயிர்களுள் மனிதனே மிகப் பல வகையினன், மிக எளிதில் மாறுகிறவன், ஆதலால் அவனை நடத்துவதே கலைகளுக்கெல்லாம் தலையாய கலை. ஆணும் பெண்ணும், முதியவரும் இளைஞரும், செல்வரும் வறியவரும், மகிழ்ந்திருப்பவரும் துயருற்றவரும், ஆள்பவரும் ஆளப்படுபவரும், கோழையும் துணிந்தவனும் ஒரே மருந்தால் குணமடையமாட்டார்கள். ஒருவனுக்குத் தாற்றுக்கோல் வேண்டும், மற்றொருவனுக்குக் கடிவாளம் வேண்டும். ஒருவனைப் பலரறியக் கண்டிக்கலாம், மற்றொருவனைத் தனியே அழைத்துச் சொல்லாவிட்டால் அவன் முற்றும் கெடுவான். ஒருவனுடைய சின்னஞ்சிறு செயலையும் கூர்ந்து நோக்க வேண்டும், மற்றொருவனுடைய குற்றத்தைக் கண்டும் காணாதவர்போல் இருக்க வேண்டும். உடல் வைத்தியனுக்கு நோயாளி உதவுகிறான், தன் வலியை மறைப்பதில்லை. ஆத்தும வைத்தியனிடமோ நோயாளி நோயை ஒளிக்கிறான், அதற்காக வாதாடுகிறான், வைத்தியன்மேல் பகையும் கொள்கிறான். கிரகோரியாரின் தம்பி செசாரியு அலெக்சாந்திரியாவில் மருத்துவம் கற்று, கொன்ஸ்தாந்தினோபிள் அரண்மனையில் வைத்தியராக இருந்தவர் என்பதை நினைத்தால், இந்த ஒப்புமை ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று, குடும்பத்தின் அன்றாடப் பேச்சிலிருந்தும் வந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். மருத்துவன் நாடி பார்ப்பதற்கு முன்னரே மருந்தை அரைத்துவைத்திருந்தால் அவனை நாம் நம்புவதில்லை. அங்ஙனமே ஆளை அறியுமுன் அறிவுரையை ஆயத்தம் செய்துவைத்திருக்கும் மேய்ப்பனைக் கண்டு கிரகோரியார் அஞ்சினார். அந்த மேய்ப்பன் தாமாகவே ஆகிவிடக்கூடும் என்று அஞ்சி ஓடினார்.

இரண்டாம் நூலின் கதை இன்னும் சுவையானது. யோவானுக்குப் பசிலியார் என்னும் பெயருடைய இளமைத் தோழர் ஒருவர் இருந்தார். இவர் செசரியா நகரத்துப் பெரிய பசிலியார் அல்லர். இருவரையும் அத்தியட்சர்களாக்கும் ஏற்பாடு நடப்பதாகச் செய்தி வந்தபோது, எதுவாயினும் இருவரும் சேர்ந்தே செய்வது என்று தோழர் நம்பினார். யோவானோ ஒத்துக்கொண்டதுபோல் காட்டி, தக்க தருணத்தில் ஒளிந்துகொண்டார். யோவானும் பட்டம் ஏற்றுவிட்டார் என்று எண்ணிப் பசிலியார் கழுத்தை நீட்டினார். பின்பு உண்மை தெரிந்து, கண்ணீரோடு வந்து நின்ற தோழரைக் கண்டு யோவான் சிரித்தாராம்! இந்தச் சிரிப்போடு தொடங்குகிறது நூல். 392இல் எரோணிமுஸ் தாம் இதனைப் படித்திருப்பதாகக் குறிப்பதால், அதற்கு முன்னரே இது எழுதப்பட்டுப் பரவியிருந்தது என்பது உறுதி. கதை நடந்தபடியே எழுதப்பட்டதோ, உரையாடல் நூலுக்குரிய கற்பனை கலந்ததோ என்று அறிஞர் வாதிடுவர். நமக்கு அது பெரிதன்று.

தம் வஞ்சகத்தை நியாயப்படுத்த யோவான் ஒரு வைத்தியனின் கதையைச் சொல்கிறார். கடுங்காய்ச்சலில் கிடந்த ஒருவன், வைத்தியர் கொடுப்பதைத் தொடாமல், தனக்கு மது வேண்டும் என்றே பிடிவாதம் செய்தான். வைத்தியனோ, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த மண்கலம் ஒன்றை மதுவில் ஊறவைத்து, பின் அதனை வெறுமையாக்கித் தண்ணீர் நிரப்பி, அறையைத் திரைகளால் இருளாக்கி, அவன் கையில் கொடுத்தான். மணத்தால் ஏமாந்த நோயாளி மளமளவென்று குடித்துப் பிழைத்துக்கொண்டான். இந்த வாதம் என் மனத்துக்கு முழுதும் ஒப்பவில்லை. நன்மைக்காக ஏமாற்றலாம் என்று ஒப்புக்கொண்ட மேய்ப்பன் எங்கே நிற்பான் என்ற கேள்வி அந்த இருண்ட அறையிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் யோவானே இரண்டாம் புத்தகத்தில் வேறொரு எல்லையைக் கீறிவிடுகிறார். ஆட்டிடையன் நோயுற்ற ஆட்டைக் கட்டிவைத்துச் சூடு போடலாம், ஆடு சம்மதிக்க வேண்டியதில்லை. மனிதரை மேய்ப்பவனுக்கோ அந்த அதிகாரம் இல்லை. நோயாளியே மனமுவந்து சிகிச்சைக்கு இசைந்தால் அன்றி ஒன்றும் செய்ய முடியாது. கிறிஸ்தவர்களுக்கோ பிறர் குற்றத்தைப் பலவந்தத்தால் திருத்த அறவே உரிமை இல்லை. பேரரசின் சட்டமும் சேனையும் மெல்ல மெல்லச் சபையின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த ஒரு தலைமுறையில் இதனை எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

மூன்றாம் புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சபைகளில் வீடு சந்திப்புக்குப் புறப்பட்ட எந்தப் போதகரும் அதனைப் படித்தால், இவர் நம் ஊருக்கு எப்போது வந்தார் என்று திகைப்பார். அத்தியட்சர் வேலையற்றுத் திரிகிறவர்களைக் காட்டிலும் மிகுதியாக வீடு வீடாக ஏறி இறங்காவிட்டால் சபையார் மனத்தாங்கல் கொள்கிறார்கள் என்கிறார் யோவான். நோயாளிகள் மட்டுமல்லர், நலமாயிருப்பவர்களும் அவர் வரவை எதிர்பார்க்கிறார்கள். பக்தியினால் அன்று, கௌரவத்தினால். ஏதோ ஓர் அவசரம் பற்றி, சபைக்கு ஆதாயமான ஒரு காரியத்துக்காகவே, ஒரு செல்வர் வீட்டுக்கு அவர் அடிக்கடி போய்விட்டால், முகத்துதி செய்கிறார் என்னும் பழி உடனே ஒட்டிக்கொள்கிறது. அவர் தெருவில் செய்யும் வணக்கத்தையும் மக்கள் நிறுத்துப் பார்க்கிறார்கள்; யாருக்கு முகம் மலர்ந்தது, யாருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது, கூட்டத்தில் பேசும்போது கண் யார் பக்கம் சென்றது என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, விதவைகளின் பட்டியலைப் பரிபாலிப்பதிலும் ஏழைகளின் பணத்தை நிர்வகிப்பதிலும் உள்ள இடர்களை யோவான் பக்கம் பக்கமாக அடுக்குகிறார். குருத்துவத்தின் மகிமையைப் பற்றி அவர் எழுதிய உயர்ந்த பகுதிகளையே மேற்கோளாக எடுத்துப் பிரசங்கம் செய்வோர் பலர். இந்த வீட்டுவாசற் காட்சியை எடுத்துப் பேசியவரை நான் கேட்டதில்லை. ஆனால் மேய்ப்புப் பணியின் இரத்தமும் சதையும் இங்கேதான் இருக்கிறது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். தோழரை ஏமாற்றிப் பட்டத்துக்குள் தள்ளியவரை, 397ஆம் ஆண்டு முடியும் வேளையில், பேரரசின் அதிகாரிகள் அதே வழியில் ஏமாற்றினார்கள். அந்தியோகியா மக்கள் தங்கள் பிரசங்கியை விடமாட்டார்கள் என்று தெரிந்த அதிகாரி, நகர வாயிலுக்கு வெளியே இருந்த மறைசாட்சிகளின் கோயிலுக்கு வருமாறு அவரை அழைத்து, அங்கிருந்து அரசாங்க வண்டியில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பிவிட்டார். 398 பிப்ரவரியில் யோவான் கொன்ஸ்தாந்தினோபிளின் அத்தியட்சர் ஆனார். மாளிகையின் செலவுகளைச் சுருக்கி நோயாளர் இல்லங்களுக்குத் திருப்பினார். விருந்துகளைத் தவிர்த்துத் தனியே உண்டார். அரண்மனையின் ஆடம்பரத்தைக் கண்டித்தார். 403இல் ஓக் என்னும் மாளிகையில் அவருடைய பகைவர் கூடிய சங்கம் அவர்மேல் சாட்டிய குற்றங்களுள், தனியே உண்டது ஒன்று. மற்றொன்று இன்னும் வியப்பானது: மீண்டும் பாவம் செய்தால் மீண்டும் மனம் வருந்து, எத்தனை முறை விழுந்தாலும் என்னிடம் வா, குணமாக்குகிறேன் என்னும் பொருள்பட அவர் போதித்துப் பாவிகளுக்குத் துணிவூட்டினாராம்! ஆத்தும வைத்தியன் தன் வாயிலைத் திறந்துவைத்ததே குற்றப்பத்திரிகையில் ஓர் உருப்படியாயிற்று. 404இல் இறுதியாக நாடு கடத்தப்பட்ட அவர், அங்கிருந்து ஒலிம்பியாள் என்னும் உதவிக்காரிக்கு எழுதிய கடிதங்களுள் 17 நமக்குக் கிடைத்துள்ளன. நாடு கடத்தப்பட்டு நோயிலும் குளிரிலும் வாடியவர், ஊரில் மனச்சோர்வில் அமிழ்ந்த ஒரு பெண்மணிக்கு, அச்சோர்வு எவ்வாறு வருகிறது, எவ்வாறு அதனை எதிர்கொள்வது என்று எழுதிக்கொண்டேயிருந்தார். 407இல் கோமானா என்னுமிடத்தில், வழிநடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மூன்றாமவரான பெரிய கிரகோரியார் வேறு வார்ப்பு. உரோமாபுரியின் நகராதிபதியாக இருந்து, பின் செலியுக் குன்றில் இருந்த தம் பூர்விக இல்லத்தையே மடமாக்கித் துறவு பூண்டவர். 589இன் இறுதியில் தைபர் ஆறு பெருகி நகரத்தின் களஞ்சியங்களைச் சீரழித்தது. தொடர்ந்து வந்த கொள்ளைநோய் 590இன் தொடக்கத்தில் இரண்டாம் பெலாஜியு பாப்புவையே கொண்டுபோயிற்று. மக்களும் குருக்களும் கிரகோரியாரைத் தேர்ந்தெடுத்தபோது, தேர்தலை அங்கீகரிக்க வேண்டாம் என்று வேண்டி அவர் மௌரீசு பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார் என்றும், நகராதிபதி அதனை வழியில் தடுத்து வேறு கடிதம் அனுப்பினார் என்றும் அவர் காலத்தவரான தூர் நகரத்துக் கிரகோரியார் எழுதிவைத்திருக்கிறார். செப்டம்பரில் பதவியேற்றவர், நீ ஏன் ஒளிய முயன்றாய் என்று அன்போடு கடிந்துகொண்ட யோவான் என்னும் அத்தியட்சருக்குப் பதிலாக எழுதியதே ‘மேய்ப்பர் விதி’.

நூல் நான்கு பாகம். மூன்றாம் பாகமே அதன் உயிர். அதன் வாயிலில் அவர் நாசியான்சின் கிரகோரியாரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, அவர் சுருங்கச் சொன்னதைத் தாம் விரித்துரைப்பதாக அறிவிக்கிறார். விரிவு என்றால் சாதாரண விரிவன்று: மனிதரை முப்பத்தாறு இணைகளாகப் பகுத்து, ஒவ்வொரு வகையினருக்கும் எங்ஙனம் புத்தி சொல்வது என்று எழுதுகிறார். வாய் திறவாதவரும் ஓயாது பேசுபவரும், சோம்பலுடையவரும் அவசரக்காரரும், செய்த பாவத்துக்கு அழுது மீண்டும் அதையே செய்பவரும், பாவத்தை விட்டுவிட்டும் அதற்காக அழாதவரும், நன்மையைத் தொடங்காதவரும் தொடங்கி முடிக்காதவரும் வரிசையாக வருகின்றனர். இவ்வகுப்புகளை மருந்துக்கடை அலமாரிபோல் எண்ணிவிடலாகாது. செல்வரையும் வறியவரையும் பற்றிப் பேசும் இடத்தில், செல்வருள் தாழ்மையுடையவரும் வறியவருள் செருக்குடையவரும் உண்டு, ஆகவே ஆடையைப் பார்த்து மருந்து கொடுக்காதே என்று தம் வகுப்பைத் தாமே கலைத்துவிடுகிறார். வலிமை மிக்கவரிடம் குற்றத்தை நேரே சொல்லாமல், தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி செய்ததுபோல், ஒரு கதையாகச் சொல்லி அவரையே தீர்ப்பளிக்கவைத்து, பின்பு இது நீயே என்று காட்ட வேண்டும். கட்டியை அறுக்க வந்த வைத்தியன் கத்தியை ஆடைக்குள் மறைத்துவைத்திருப்பதுபோல் என்கிறார். நான்காம் பாகமோ ஒரே ஓர் அத்தியாயம். பிறரை விசாரித்து முடித்தவன் தன்னை விசாரிக்கத் திரும்ப வேண்டும் என்பதே அதன் செய்தி. அழகற்ற ஓவியன் அழகிய மனிதனைத் தீட்டிவிட்டதாகவும், தானே அலைகளில் தத்தளித்துக்கொண்டு பிறருக்குக் கரையைக் காட்டுவதாகவும் கூறி, மூழ்காமலிருக்கப் பற்றிக்கொள்ளப் பிரார்த்தனை என்னும் ஒரு பலகையை நண்பரிடம் யாசித்து நூலை முடிக்கிறார்.

அந்நூல் சென்ற வழிகள் பல. ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே அந்தியோகியாவின் அனஸ்தாசியு அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். 890களில் இங்கிலாந்தின் ஆல்பிரெட் அரசர், போரால் கல்வி பாழடைந்த தம் நாட்டுக்கு முதலில் வேண்டியது இதுவே என்று பழைய ஆங்கிலத்தில் ஆக்கி அத்தியட்சர்களுக்கு அனுப்பினார். வூஸ்டர் நகருக்கு அனுப்பிய படி ஆக்ஸ்போர்டில் இன்றும் இருக்கிறது. நம் மொழியில் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்று இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ இதன் மொழிபெயர்ப்பு அன்று; ஆயினும் போதிக்கிறவனின் நடத்தையையே முதற்பொருளாக வைக்கும் அந்த வமிசத்தில் வந்த தமிழ்ப் பிள்ளை என்று அதனைச் சொல்லத் தடையில்லை.

முற்காலத்தைப் பொற்காலமாகத் தீட்டும் ஆசை எழுத்தாளரை எளிதில் பற்றிக்கொள்ளும். அதற்கு மாற்றாக அக்காலத்துத் தண்டனை விதிகளைப் படிப்பது நல்லது. பெரிய பசிலியார் 374, 375 ஆண்டுகளில் இக்கோனியம் நகரத்து அம்பிலோக்கியுவுக்கு எழுதிய மூன்று கடிதங்களில், மனமறிந்து கொலை செய்தவனுக்கு 20 ஆண்டும், விபசாரம் செய்தவனுக்கு 15 ஆண்டும் நற்கருணை விலக்கு விதிக்கப்படுகிறது. அக்காலத்தின் முதற்பகுதியை அவன் கோயில் வாசலுக்கு வெளியே அழுதுகொண்டே கழிக்க வேண்டும். இக்கடுமை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ஆனால் அதே கடிதங்களில், மனந்திரும்பியவனின் ஆர்வத்தைக் கண்டு தவணையைக் குறைக்க மேய்ப்பனுக்கு உரிமை உண்டு என்ற விதியும் இருக்கிறது. இன்னுமொரு விதி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. விபசாரக் குற்றத்தைத் தானே வந்து அறிக்கையிட்ட பெண்ணைப் பலர் அறியும்படி வெளிப்படுத்தலாகாது, ஏனெனில் அதனால் அவள் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே அழுவோர் வரிசையில் அவளை நிறுத்தாமல், மற்றவர்களோடு சேர்ந்து நிற்கவிட்டு, நற்கருணை மட்டும் கொடாதிருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவரின் கை, ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை அறிந்திருக்கிறது. 459இல் பெரிய லேயோ பாப்பு, பாவிகளின் குற்றங்களை எழுதிச் சபையில் வாசிக்கும் வழக்கத்தைக் கண்டித்துத் தடைசெய்ததும் இந்த அறிவிலிருந்தே பிறந்தது.

பெரிய பசிலியாருக்கும் ஒரு நூற்றாண்டு முன்னவரான கார்த்தேஜ் நகரத்துச் சிப்பிரியானும் ஓடி ஒளிந்தவரே. தேசியு பேரரசர் காலத்து வேதகலகத்தில், 250இல், அவர் மறைவிடத்திலிருந்து கடிதங்களால் சபையை நடத்தினார். உரோமையின் குருக்கள் அவரைக் குத்திக்காட்டவும் செய்தார்கள். அரசின் ஆணைப்படி தேவர்களுக்குப் பலியிட்டதாகச் சான்றுச்சீட்டு பெறாதவர் தப்ப முடியாத காலம் அது. அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. பலியிட்டவர்கள், பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள், சித்திரவதையில் மனம் தளர்ந்தவர்கள் என விழுந்தவர்கள் பல திறத்தினர். எல்லாரையும் உடனே மன்னித்துவிடு என்றது ஒரு கட்சி. எவரையும் எந்நாளும் சேர்க்காதே என்றது நொவாத்தியானின் கட்சி. 251இல் கூடிய சங்கமோ ஒவ்வொருவர் வழக்கையும் தனித்தனியே விசாரிக்க முடிவு செய்தது. கொள்கையளவில் இது இரு கட்சிக்கும் நடுவே ஓர் இடைவழி என்று சொல்லிப்போகலாம். நடைமுறையில் அது எத்தனை நாட்களின் கண்ணீரையும் கேள்விகளையும் குறித்தது என்று எண்ணிப் பார்த்தால், விசாரணை என்னும் சொல்லின் பாரம் தெரியும். யாரை யார் விசாரிக்கச் செல்வது என்பதையும் அக்காலத்தவர் எண்ணினர்: மூன்றாம் நூற்றாண்டின் சிரியா நாட்டு ‘திதஸ்காலியா’ நூல், புறச்சமயத்தார் இல்லங்களில் வாழும் விசுவாசப் பெண்களிடம் ஆண்கள் செல்லல் தகாது என்பதால் பெண் உதவிக்காரிகளை அனுப்பச் சொல்கிறது. தமிழகத்தில் வேதாகமப் பெண்மணிகள் கையில் பையோடு அடுக்களை வாசல்வரை சென்றதும் இதே காரணத்தால்தான்.

இனி நம் காலம். அமெரிக்க நாட்டுப் போதகர் ஆன்டன் பாய்சன் 1920இல் கடும் மனநோயால் மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். குணமடைந்த பின் 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநோய் மருத்துவமனையில் குருப்பணி ஏற்று, மறு ஆண்டு இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பயில அழைத்துவந்தார். நூல்களைப் படிப்பதுபோல் துன்புறும் மனிதரையும் உயிருள்ள ஏடுகளாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிற்பாடு, குருவாக வேண்டி இறையியல் கல்லூரியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் அதனை விட்டு உளவியலுக்குப் போன கார்ல் ராஜர்ஸின் முறைகள் மேற்குச் சபைகளின் ஆலோசனை அறைகளை நிரப்பின. செராம்பூர்ப் பாடத்திட்டத்தின் வழியே நம் இறையியல் கல்லூரிகளிலும் மேய்ப்பு ஆலோசனை ஒரு தனித் துறையாயிற்று. 1931இல் பிறந்து 2016இல் மறைந்த மெதடிஸ்த இறையியலர் தாமஸ் ஓடன், இம்மாற்றத்தை ஆதரித்து எழுதியவர்களுள் ஒருவர். டுரூ பல்கலைக்கழகத்தில் உடன் ஆசிரியராயிருந்த வில் ஹெர்பர்க் என்னும் யூத அறிஞர், உன் சமயத்தின் பழைய ஆசிரியர்களைப் படிக்காதவரை நீ கல்லாதவனே என்று முகத்துக்கு நேரே சொன்னது அவரைத் திருப்பிவிட்டது. பின்னர் அவர் ஓர் எளிய கணக்கெடுப்பைச் செய்தார்: சிப்பிரியான், பொன்வாய் யோவான், பெரிய கிரகோரியார் முதலாகப் பத்துப் பழைய ஆசிரியர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேய்ப்பு நூல்கள் சில 314 தடவை சுட்டியிருக்க, இருபதாம் நூற்றாண்டின் ஏழு ஆசிரியர்கள் ஒரு தடவையும் சுட்டவில்லை, அவ்வெழுவரும் ஃபிராய்டை 109 தடவையும் ராஜர்ஸை 101 தடவையும் சுட்டியிருந்தனர்.

இக்கணக்கு சுருக்கென்று தைக்கிறது. மறதியைப் பற்றி ஓடன் சொன்னது முற்றும் சரி. ஆயினும், பழையவர்களை மறந்தவர்கள் எல்லாரும் அவர்களுக்கு மாறானவர்கள் என்று அதிலிருந்து முடிவு கட்ட என்னால் இயலவில்லை. மருத்துவமனையின் வராந்தாவில் ஒரு நோயாளியின் பேச்சை வார்த்தை மாறாமல் எழுதிவந்து ஆசிரியர்முன் வாசிக்கும் மாணவன், ஆளை அறியாமல் மருந்து கொடுக்காதே என்று நாசியான்சில் சொல்லப்பட்டதைத் தன்னை அறியாமலே செய்கிறான். மாறாக, முற்கால ஆசிரியர்களின் வசனங்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கிவைத்து, அவற்றையே எல்லா மனிதருக்கும் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொடுப்பவன் அவர்களுடைய நூலைப் படித்தும் அவர்களைப் படிக்காதவன். மறக்கப்பட்டது நுட்பம் அன்று. கேட்கும் முறையையும் பேசாதிருக்கும் பொறுமையையும் உளவியல் நன்றாகவே கற்றுத் தந்தது. விட்டுப்போனவை வேறு இரண்டு: ஒன்று, தனியறையில் நடக்கும் சிகிச்சைக்கு வெளியே, விழுந்தவனை மீண்டும் ஏற்று நிற்க ஒரு சபை வேண்டும் என்னும் நினைப்பு; மற்றொன்று, அந்த மூவரையும் ஓடச் செய்த அச்சம்.

இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்றோ, துறவிகளுக்குரிய சம்பிரதாயப் பணிவு என்றோ தள்ளிவிடுதல் எளிது. அக்காலத்தில் பட்டம் மறுப்பது ஒரு நாகரிகமாகவே ஆகியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 374இல் மிலானில் அம்புரோசியாரும் தப்பிக்க முயன்றார், 391இல் ஹிப்போவில் கூட்டத்தால் பிடிக்கப்பட்ட அகுஸ்தீனார் பட்டம் பெறும்போது அழுதார். ஆனால் நூல்களைப் படித்தால் அச்சம் பாவனையாகத் தோன்றவில்லை. ஒவ்வோர் ஆளும் வேறு வேறு நோயுடையவன் என்று உண்மையாகவே நம்புகிறவனுக்கு, தன் கையில் இருக்கும் மருந்து ஒருவனைக் குணப்படுத்தி மற்றொருவனைக் கொல்லும் என்று தெரியும், அதனால் அஞ்சுகிறான். ஒரே மருந்து எல்லாருக்கும் போதும் என்று நினைப்பவனுக்கு அஞ்ச என்ன இருக்கிறது? ஆகவே அச்சமும் விசாரணையும் ஒரே வேரில் முளைத்தவை. இன்று நம் நாட்டுச் சபைகளில் அத்தியட்சர் தேர்தல் வருகிறபோது ஒளிந்துகொள்பவரைத் தேடவேண்டிய சிரமம் எவருக்கும் நேருவதில்லை என்பதை மட்டும் சொல்லி, மேலே செல்கிறேன்.

பொன்வாய் யோவானின் உரையாடல் முடியும் இடத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். ஆறு புத்தகங்களாகத் தோழர் சொன்ன இடர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பசிலியாருக்கு, யோவான் ஓடியது சரிதான் என்று இப்போது விளங்கிவிட்டது. அதனோடு, ஓடாமல் மாட்டிக்கொண்டவன் தான் என்பதும் விளங்கியது. அவர் மீண்டும் அழுகிறார். முதலில் அழுதது ஏமாற்றப்பட்டதற்காக, இப்போது அழுவது பயத்தால். என்னைத் தனியே விட்டுவிடாதே என்று கேட்கிறார். முதற்பக்கத்தில் சிரித்த யோவான் இப்போது சிரிக்கவில்லை. உன் பணிகளுக்கிடையே ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வா, நான் உன் அருகில் இருப்பேன், என்னால் ஆன ஆறுதலையெல்லாம் தருவேன் என்று வாக்களிக்கிறார். பசிலியார் இன்னும் மிகுதியாக அழுதுகொண்டு எழுந்திருக்க, யோவான் அவரை அணைத்து, தலையில் முத்தமிட்டு, வழியனுப்பிவைக்கிறார்.